சுவரில் ஃபோம் ஒட்டினால் ரோட்டுச் சத்தம் குறையுமா?

மெயின் ரோட்டை ஒட்டிய படுக்கையறைக்கு ஃபோம் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்குப் பணம் போடாதீர்கள். ஃபோம் அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சி எதிரொலியைத்தான் குறைக்கும். ரெக்கார்டிங் அறைக்கும் மீட்டிங் ஹாலுக்கும் அது அவசியம். வெளியிலிருந்து வரும் ஹாரனைத் தடுக்க எடை வேண்டும். ஃபோமில் எடை ஏது?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. கோளாறு பெரும்பாலும் ஜன்னலில்தான். அதைச் சாத்திவிட்டு, சட்டத்தின் ஓரமாக ஈரக்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். சில்லென்று படுகிற இடத்தில் காற்று நுழைகிறது, சத்தமும் அதே வழியில்தான் வருகிறது. மொத்தப் பரப்பில் நூற்றில் 1 பங்கு இடைவெளி இருந்தால் போதும், எவ்வளவு கனத்த சுவரானாலும் ஏறக்குறைய 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது.

ஸ்லைடிங் ஜன்னலில் இந்தச் சந்து இல்லாமல் இருப்பது அபூர்வம். முடிந்தால் ரப்பர் பீடிங் வைத்து கதவுபோல் திறந்து இறுக மூடும் ஜன்னலாக மாற்றி, லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போடுங்கள். பழைய ஜன்னலை எடுக்க மனமில்லையா? சரி, உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஜன்னல் வையுங்கள். நல்ல பலன் தரும். அப்புறம், வாசற்கதவின் அடிச்சந்தையும் மறக்காதீர்கள்.