எங்கே வெட்டுவது? ராயபுரத்து சினிமா எடிட்டரிடம் சில கேள்விகள்

கே: காசிமேட்டு மீன் ஏலத்தை நாற்பது நிமிடம் படம்பிடித்திருக்கிறேன் அண்ணா. மூன்று நிமிடமாகச் சுருக்க வேண்டும். முதல் முயற்சியை அனுப்பியிருக்கிறேன்.

ப: பார்த்தேன் தம்பி. ஏலம் கூறுபவர் விலையைச் சொல்லி வாயை மூடிய பிறகே வாங்குபவரின் முகத்துக்குப் போகிறீர்கள். தாமதம். விலை காதில் விழுந்த கணமே அந்த முகத்தைப் பார்க்க நமக்கு அவசரம் வந்துவிடுகிறது. குரல் பின்னால் ஓடட்டும், படம் மீன் வாங்கும் கூடைக்காரம்மாவிடம் போகட்டும். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறாரே, அங்கே கத்தரியை வைக்காதீர்கள். நான்கு விநாடி என்றாலும் இருக்கட்டும். அவர் தலையசைக்குமுன் அடுத்த ஷாட்டின் ஒலியை, ஐஸ் கொட்டும் சத்தத்தை, உள்ளே விடுங்கள். பேரம் படிந்தது புரிந்துவிடும்.

கே: குத்துச்சண்டைக் காட்சியில் இரண்டு ஷாட் சேரும் ஒட்டு துருத்திக்கொண்டு தெரிகிறது. (வியாசர்பாடி)

ப: குத்து விழுந்த பிறகு வெட்டுகிறீர்கள். கை கிளம்பி வரும் வழியில் வெட்டுங்கள்; கண் கையைத் துரத்துவதால் மாற்றத்தைக் கவனிக்காது. அடுத்த ஷாட்டில் அதே அசைவை இரண்டு மூன்று ஃபிரேம் (ஓடும் படத்தின் தனித்தனிப் படம்) திரும்பக் காட்டிப் பாருங்கள், இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது அந்த மூன்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று: நடுவில் சிவப்புக் கையுறைக்காரர் இடமிருந்து வலத்துக்கு மாறிவிட்டார். கேமரா எதிர்ப்பக்கம் போய்விட்டது. இடையில் கால்களை மட்டும் காட்டும் ஷாட் இருந்தால் தப்பித்தீர்கள்.

கே: ஒரே முகம், பக்கத்தில் வரும் ஷாட்டைப் பொறுத்து வேறாகத் தெரியும் என்கிறார்களே?

ப: சோவியத் ரஷ்யாவின் சினிமா இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை அது. ஒரே முகத்தை அடுத்து சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி. உங்கள் தெரு கேரம் ஆட்டக்காரரின் முகத்தை எடுத்து, அடுத்து ஒருமுறை காய் விழும் குழியையும் ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவையும் ஒட்டிப் பாருங்கள்.

கே: பிலிம் காலத்தில் யோசித்து வெட்டினார்களாமே?

ப: வெட்டியதை டேப் போட்டு மறுபடி ஒட்ட வேண்டும், அதனால் யோசித்தோம். 35 மி.மீ. பிலிமில் ஆயிரம் அடிச் சுருள் என்றால் சுமார் 11 நிமிடம். ஒரு அடியில் 16 ஃபிரேம். காணாமல்போன நான்கு ஃபிரேமைத் தேடி அறைத் தரையில் தவழ்ந்தவன் நான். அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை.

கே: என் குறும்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா தூங்கிவிட்டார்.

ப: எத்தனையாவது நிமிடத்தில்? அதற்கு முந்தைய இரண்டு ஷாட்டையும் எனக்கு அனுப்புங்கள்.