மாரி முழுவதும் நிறுத்திவைத்த வான் வண்டியில் தண்ணீர் நாறுகிறது: தாங்கியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: அறுகம்பைக்கு வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வான் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே படுக்கை, சிறிய சமையலிடம், 60 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி, பற்றறியில் ஓடும் நீர்ப்பம்பி உண்டு. ஐப்பசியில் நிறுத்தியதைச் சித்திரையில் எடுத்தால் தண்ணீர் சேறுபோல நாறுகிறது. தாங்கியின் உட்புறம் வழுவழுக்கிறது. தெரிந்த தரகர் ஒருவர், தாங்கியை மாற்று, இல்லாவிட்டால் இந்த 'குளிர்காலப் பாதுகாப்புத் திரவத்தை' ஊற்று என்று மாதிரிக்கு ஒரு போத்தல் தந்திருக்கிறார். என்ன செய்வது? (பொத்துவில் வாசகர்)

பதில்: தாங்கியை மாற்ற வேண்டாம். போத்தலைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

குளிர்நாடுகளில் நிறுத்திவைத்த வானின் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து பருத்து அவற்றை வெடிக்க வைக்கும். அதற்காகத்தான் அங்கே உறைதடுப்புத் திரவம் ஊற்றுகிறார்கள். பொத்துவிலில் எந்த மார்கழியில் குழாய் உறைந்தது? தேவையற்றது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பெயர் ஒட்டாத போத்தலில் இருப்பது ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டாகவும் இருக்கலாம். அதில் பொதுவாகச் சேர்ப்பது எத்திலீன் கிளைக்கோல். நாக்குக்கு இனிக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்பது புரோப்பிலீன் கிளைக்கோல், அது வேறு பொருள். நிறத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. உங்கள் வானில் தண்ணீர் குடிக்கப்போவது விருந்தாளிகள் என்பதை அந்தத் தரகர் நினைத்துப் பார்த்தாரோ தெரியாது.

வழுவழுப்பு என்பது தேங்கிய வெதுவெதுப்பான நீரில் கிருமிகள் கட்டிய படலம். முதலில் பழைய நீரை முழுதாக வடியவிட்டு, கைக்கெட்டும் இடங்களை மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வடிகட்டி இருந்தால் அதன் உள்திரியைக் கழற்றிவிடுங்கள். பிறகு தாங்கியை நிரப்பி, 5 வீத வலிமையுள்ள வாசனையற்ற குளோரின் திரவம் 60 மில்லிலீற்றர், அதாவது 4 மேசைக்கரண்டி, கலந்து ஊற்றுங்கள். கிணற்றுக்குப் போடும் 30 வீதக் குளோரின் தூள்தான் கிடைக்கிறதென்றால் 10 கிராம் போதும். வாளியில் கரைத்து, தூளிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிநீரை மட்டும் எடுங்கள். நாட்பட்டுக் கட்டிபட்ட தூள் வேண்டாம். நம் வெக்கையில் அதன் வீரியம் போயிருக்கும்.

பம்பியைப் போட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, காற்று போய்க் குளோரின் மணக்கும்வரை ஓடவிடுங்கள். குளிக்கும் ஹோஸை மறக்கவே கூடாது. மூடிவிட்டு 4 மணி நேரம் விடுங்கள்; பிறகு வடித்து, மணம் போகும்வரை நல்ல நீரால் அலசுங்கள். வினாகிரியையோ கழிப்பறை அமிலத்தையோ குளோரினோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு எழும்.

எந்தத் தண்ணீரால் நிரப்புவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மணற்கிணற்று நீரில் இரும்பு கரைந்திருந்தால் வாளியில் தெளிவாகவே தெரியும். குளோரின் பட்டதும் அது துருவாகப் பிரிந்து செம்மண் நிறமாகும். குளோரினையும் தின்றுவிடும், பம்பியின் வலையையும் அடைக்கும். உடனே அதே தரகர் வந்து, "பார்த்தீர்களா, தாங்கி பழுது" என்பார். தாங்கியில் பழுதில்லை. ஒரு வெள்ளை வாளியில் கிணற்று நீரை நிரப்பி 6 சொட்டுக் குளோரின் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். மஞ்சளித்தால் அந்தக் கிணறு வேண்டாம். குழாய் நீர் பிடியுங்கள். வாளி தெளிவாகவே இருந்தாலும் குடிக்க உகந்தது என்று அர்த்தமில்லை. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். நானும் ஒருமுறை மாதிரி கொடுத்தேன். மூன்று முறை அலைந்தபின் கிடைத்த தாளில் ஒரே சொல்: "பொருத்தமற்றது". எதனால் என்று கேட்டதற்கு, அதற்கு வேறு விண்ணப்பமாம்.

கடைசியாக, எல்லாக் குழாய்களையும் மூடிப் பம்பியைப் போடுங்கள். சற்று நேரத்தில் அது தானாக நிற்க வேண்டும். நின்றது பத்து நிமிடத்தில் மீண்டும் உறுமினால் எங்கோ கசிகிறது. மழைக்கு ஒதுங்கிய எலிகள் கடித்த இடங்களைப் படுக்கையின் அடியில் முதலில் தேடுங்கள்.

அடுத்த ஐப்பசியில் வானை நிறுத்துமுன் தாங்கி, பம்பி, குழாய் எல்லாவற்றையும் வடித்துக் காயவிட்டு, தாங்கியின் வாயில் நுளம்பு வலைத்துண்டு ஒன்றை இறுகக் கட்டிவிடுங்கள்.