முதல் நாள் ஓய்வும் காணிக்கைக் கணக்கும்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர்கள் பன்னிரண்டு பேர் பத்து நாள் மிஷன் ட்ரிப்பாக வெளிநாடு போய்வந்தோம். விடியற்காலையில் போய் இறங்கினோம். இன்றைக்கு எந்த நிகழ்ச்சியும் கிடையாது என்று அங்குள்ள பாஸ்டர் சொல்லிவிட்டார். மதியம்வரை தூங்கினோம். சாயங்காலம் அந்தச் சபைப் பிள்ளைகளோடு பந்து விளையாடினோம், தெருக்களைச் சுற்றிப் பார்த்தோம். இரவு சாப்பிட உட்கார்ந்த நான் தட்டு முன்னாலேயே தூங்கிப்போனேன். அந்த வீட்டுப் பாட்டி தட்டை நகர்த்திவிட்டு என் மேல் சால்வையைப் போர்த்திவிட்டார்களாம். பந்து விளையாடும் போட்டோவை யாரோ சபை வாட்ஸ்அப் குழுவில் போட, மூப்பர் ஒருவர் “காணிக்கைப் பணத்தில் பிக்னிக்கா?” என்று கேட்டுவிட்டார். இந்த ஞாயிறு நான்தான் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளிலிருந்து ஆரம்பித்துவிடலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

விட்டுவிடாதீர்கள். மறைத்தால்தான் அது பிக்னிக் ஆகும்.

உங்கள் குழுவில் யாராவது இந்நேரம் மாற்கு 6:31ஐ எடுத்துக் காட்டியிருப்பார்கள். சீஷர்களைத் தனியிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறச் சொல்லி இயேசு அழைத்த இடம் அது. ஆனால் அவர்கள் ஊழியம் முடித்துத் திரும்பி வந்தவர்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்தவர்கள். விமானத்தை விட்டு இறங்கிய உங்களுக்கு அந்த வசனம் பொருந்தாது. மூப்பரிடம் அதைச் சொன்னால் அவர் உங்களை மடக்கிவிடுவார். அந்த ஓய்வும் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தபாடில்லை, ஜனங்கள் கால்நடையாக முந்திக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

உங்களுக்குப் பொருந்துகிறவர், எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் போன நெகேமியா. ராஜாவின் கடிதங்கள் கையில் இருக்கின்றன, மரம் வெட்டிக் கொடுக்கும்படி உத்தரவு இருக்கிறது, கூடவே குதிரைவீரர்கள். இத்தனையோடு எருசலேமுக்கு வந்தவர் மூன்று நாள் சும்மா இருந்தார். அப்புறமும் வேலையைத் தொடங்கவில்லை. ராத்திரியில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், இடிந்த மதிலைப் பார்க்கப் போனார். ராஜாவின் குளத்தருகே அவர் ஏறியிருந்த மிருகம் போகக்கூட வழியில்லை, அவ்வளவு இடிபாடு. வந்த அன்றே கூட்டம் போட்டிருந்தால் அதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்குமா? அந்த மதில் 52 நாளில் கட்டி முடிந்தது. முதல் மூன்று நாளை வீண் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அத்தேனே பட்டணத்தில் பவுலும் அப்படித்தான். கூட்டாளிகள் வந்து சேரக் காத்திருந்த நாட்களில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடம் கண்ணில் பட்டது அப்படித்தான். பின்னால் அரியோப்பாகு மேடையில் அதை வைத்தே பேச்சைத் தொடங்கினார்.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நேர வித்தியாசம் எத்தனை மணியோ, உடம்பு பழைய நிலைக்கு வர ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் சிரமம். ஆகவே ஒரு நாள் தூங்கியதால் ஜெட் லாக் போய்விட்டது என்று ரிப்போர்ட்டில் சொல்லாதீர்கள். அந்த நாளால் கிடைப்பது வேறு. தூக்கக் கலக்கத்தில் ஏணியில் ஏறிச் சுவருக்கு வர்ணம் அடிக்காமல், மருத்துவ முகாமில் மாத்திரையை மாற்றிக் கொடுக்காமல், பழகாத சாலையில் வேன் ஓட்டாமல் இருப்பீர்கள். அதுவே பெரிய காரியம்.

ஆனால் இதற்காக மட்டும் நான் முதல் நாளுக்குப் பரிந்து பேசவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் பாட்டி. இரண்டாம் நாள் காலையில் நீங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். அதற்கப்புறம் கடைசி நாள்வரை நீங்கள் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள். நாடகம், பாட்டு, பரிசுப் பொட்டலம் எல்லாம் உங்கள் கையில். அந்த ஒரு நாள் மட்டும்தான் அது தலைகீழாக இருந்தது. உங்களுக்குப் பசித்தது, அவர்கள் போட்டார்கள். நீங்கள் தூங்கி விழுந்தீர்கள், முன்பின் தெரியாத ஒரு பாட்டி போர்த்திவிட்டார். ஊழியம் செய்தவர் அவர். குறுகிய கால மிஷன் பயணங்களில் எனக்கிருக்கும் பெரிய மனக்குறையே, போன இடத்து ஜனங்களைப் பத்து நாளும் ஏழைகளாகவே உட்கார வைத்துவிடுகிறோம் என்பதுதான். உங்களுக்கு ஓய்வு கொடுக்கத் தீர்மானித்தவரும் அந்த ஊர் பாஸ்டர். சொன்னபடி கேட்டு நடந்தீர்கள். வந்த இடத்தில் அதுதானே மரியாதை?

மூப்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. காணிக்கைப் பணத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எஸ்றாவின் கூட்டமும் எருசலேமில் வந்து சேர்ந்து மூன்று நாள் இருந்தது. பாபிலோனிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள். நாலாம் நாள் முதல் வேலை என்ன தெரியுமா? ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து, எண்ணி, எழுதி ஒப்படைத்தது. ஓய்வுக்காக வெட்கப்படவில்லை, கணக்கையும் தள்ளிப்போடவில்லை. இரண்டும் ஒரே அதிகாரத்தில், எஸ்றா 8ல் அடுத்தடுத்த வசனங்களாக இருக்கின்றன. நீங்களும் முதல் நாளின் சாப்பாடு, தங்கல், வண்டி எதற்கு எவ்வளவு, யார் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். அந்த வீட்டார் போட்ட சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் கடைசி இரண்டு நாள் கடற்கரை, ஷாப்பிங் என்று ஏதாவது இருந்து, அதுவும் மிஷன் கணக்கில் ஏறியிருந்தால், அங்கே நான் மூப்பர் பக்கம். அது அவரவர் பையிலிருந்து போக வேண்டிய பணம்.

ஆதித் திருச்சபையின் ‘டிடாக்கே’ என்ற போதனை நூலில் ஒரு விதி உண்டு: ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டாம் நாளும், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. காசு கேட்டாலும் அப்படியே. உங்கள் மூப்பருக்குப் பிடித்துப்போகும், நீங்களே காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு நாள் வீணானதால் அறுவடை குறைந்துவிட்டது என்று யாராவது கணக்குப் போட்டால், பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி ஜட்சனைச் சொல்லுங்கள். 1813ல் ரங்கூனில் இறங்கியவர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819ல். நடுவில் பெரும்பாலும் பர்மிய மொழியோடுதான் மல்லுக்கட்டினார். பத்து நாளில் போய்வருகிற நாம் முதல் நாளை வைத்துச் சண்டை போடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஞாயிறு பேசும்போது பாட்டியிலிருந்தே தொடங்குங்கள். கணக்குத் தாளைச் சனிக்கிழமையே பொருளாளரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிரதியை மூப்பர் வீட்டுக்கு நீங்களே எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் பதில் போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா