டீசலா, மின்சாரமா? முதலில் பார்க்கிங்கைப் பாருங்கள்

கேள்வி: ஆன்ரோடு 65 லட்சம் வரை செலவழிக்கத் தயார். பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசலா, மின்சார ஐஎக்ஸ்1-ஆ என்று வீட்டில் இரண்டு கட்சி. பள்ளி, அலுவலகம் என்று தினம் 40 கி.மீ., இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரை. மின்சார கார் விலை கூடுதல்தானே?
- வாசகர், பெருங்குடி, சென்னை

பதில்: இந்த விலை வரிசையில் அந்தக் கணக்கு செல்லாது. ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் 2025 ஜனவரியில் 49 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. டீசலும் அதையொட்டித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு டீசல் காருக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்காருக்கு 5. தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்குச் சாலை வரி 20 சதவீதம். டீசல் எடுத்தால் ஏறத்தாழ 10 லட்சம் சாலை வரிக்கே போகும். மின்வாகனத்துக்கான சாலை வரிவிலக்கு அரசாணைக்கு அரசாணை நீட்டிக்கப்படுவது. பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ளதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

மாதம் 1,400 கி.மீ. ஓட்டம். லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று போட்டால் சுமார் 9,900 ரூபாய். மின்கார் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து 280 யூனிட் கேட்கும். யூனிட் 12 ரூபாய் என்றாலும் 3,400-க்குள்.

இதெல்லாம் வீட்டில் சார்ஜ் போட முடிந்தால்தான். 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஆனால் 40 கி.மீ.க்கு 8 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கே நாலு மணி நேரத்துக்குள் தந்துவிடும். எர்த்திங் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும், பழைய அபார்ட்மென்ட்களில் இது சகஜம். காரை புக் செய்வதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். அசோசியேஷன் அனுமதிக்காது, தெருவில்தான் நிறுத்தவேண்டும் என்றால் யோசிக்காமல் டீசல் வாங்குங்கள்.

மதுரைக்கு 460 கி.மீ. ஒரு முழு சார்ஜில் 531 ஓடும் என்று விளம்பரத்தில் இருக்கும். ஏசி, மூட்டை முடிச்சுடன் 100 வேகத்தில் 350, 380 என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஒரு டிபன் நிறுத்தம். 60 கிலோவாட் சார்ஜரா, 30-ஆ என்று ஆப்பில் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்: 46 யூனிட் ஏற்ற முன்னதில் முக்கால் மணி, பின்னதில் ஒன்றரை மணி. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறையும், காத்திருப்பது வீண்.

கேள்வி: மெர்சிடிஸ் ஜிஎல்ஏ டீசல், இக்யூஏ மின்சாரம் இரண்டையும் பார்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அடிக்கடி ஊட்டி போவோம்.
- வாசகி, கோவை

பதில்: இக்யூஏவில் பேட்டரி தளத்துக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டில் கால் வைக்கும் இடம் உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறைவு. டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் அழைத்துப்போய் அரை மணி நேரம் பின்னால் உட்கார வையுங்கள். இன்னொன்று, ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் ரீஜெனரேஷன் (வேகம் குறையும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்புவது) வேலை செய்யாது, சுமை முழுக்க பிரேக் பேடில் விழும். 80 போதும், இறங்க இறங்கத் தானே கொஞ்சம் ஏறும்.

கேள்வி: டீசல் எஸ்யூவியில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. கார் புதிது.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: குறைந்த தூரமே ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். அதில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்; நடுவில் இன்ஜினை அணைத்தால் அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். நாற்கர சாலையில் 2,000 ஆர்பிஎம்மில் 20, 30 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கு அணையாவிட்டாலோ, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ நேரே ஒர்க்‌ஷாப்புக்கு.