கொய்யாவைக் கடிப்பது வௌவாலா, கொண்டைக்குருவியா?

கேள்வி: கொய்யா பழுக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் பத்துப் பதினைந்து பழம் வீணாகிறது. காலையில் கொண்டைக்குருவிகள் கொத்துவதைக் கண்ணால் பார்க்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரரோ வௌவால்தான் என்கிறார். பளபளக்கும் நாடா கட்டியும் பயனில்லை. கடிபட்ட பழத்தை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: ஐயா, இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரவில் வௌவால் கடித்துவிட்டுப் போனதைத்தான் காலையில் குருவி கொத்துகிறதோ என்னவோ!

கொய்யாவைத் தூக்கிப் போகும் வலு கொண்டைக்குருவிக்குக் கிடையாது. கிளையில் உட்கார்ந்து குழி பறிக்கும். பழம் காம்பிலேயே தொங்கும். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலும் சிறியதுதான், சுமார் ஐம்பது கிராம்தான் இருக்கும். ஆனால் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்துவிடும். அங்கே தலைகீழாகத் தொங்கியபடி மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பும். விடியற்காலையில் பக்கத்துப் பனை, தென்னை அடியில் பாருங்கள்: தட்டையாக நசுங்கிய நார்ச் சக்கை கிடந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மரத்தில் பழமில்லாத காம்புகளையும் எண்ணுங்கள்.

இன்னும் ஐயமென்றால் ஒரு கிளையை இரவில் மட்டும் வலைப்பையால் மூடுங்கள், இன்னொன்றைப் பகலில் மட்டும். நாலு நாளில் கணக்குத் தெரியும்.

நாடா குருவியையே சில நாள்தான் மிரட்டும். இருட்டில் அது எதற்கு? வௌவால் முக்கியமாக மோப்பத்தை நம்பி வருகிறது. அதனால் என் முதல் யோசனை, மரத்திலேயே கனிய விடாதீர்கள். பச்சை வெளுத்து மஞ்சள் தட்டியதும் பறித்தால் கொய்யா வீட்டில் பழுத்துவிடும். மீதிக்குப் பழத்துக்குப் பழம் பை கட்டுங்கள். இருவருக்கும் அது ஒன்றே போதும். வலை போட்டால் சுண்டுவிரல் நுழையாத கண் கொண்டதாக, சட்டத்தில் இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். தளர்ந்த நைலான் வலையில் இரண்டுமே சிக்கிச் சாகும்.

கொல்ல மட்டும் நினைக்காதீர்கள். வௌவால் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். இலவ மரத்துப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும் அதுதான். குருவி தன் குஞ்சுக்குப் பூச்சி புழுவைப் பொறுக்கி ஊட்டுகிறது.

ஆடுகளுக்கு வேண்டாம். 1998-99இல் மலேசியாவில் நிபா வைரஸ் பன்றிப் பண்ணைகளில் பரவியது, பழத்தோட்டத்தை ஒட்டிய பட்டிகளில் வௌவால் எச்சமும் கடித்துப் போட்ட பழமும் விழுந்ததால் என்றே கருதுகிறார்கள். அது பெரிய பழந்தின்னி வௌவால், வேறு இனம். இருந்தாலும் கடிபட்டதைக் கையுறை போட்டுப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.