பேர் பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊர் ஒயினை எடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வெளிநாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, வேலை பார்க்கும் இடத்தில் யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் எல்லாரும் ஒரு பாட்டில் ஒயினோடு போகிறார்கள், சூப்பர்மார்க்கெட்டில் அந்த அலமாரி முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. கையைக் கடிக்காத விலையில் நல்ல வெள்ளையும் சிவப்பும் எப்படிப் பார்த்து எடுப்பது, அதற்கென்று தனி ஒயின் கடைக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். வீட்டுச் சாமான் வாங்கும் கடையே போதும். நான் இத்தனை வருஷமாக அப்படித்தான் வாங்குகிறேன். நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு ஊர்ப் பேருக்குப் போகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேர் பெற்ற ஊரை விட்டுவிட்டு, அதே திராட்சை விளைகிற பக்கத்து ஊரைத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டி சான்செர் என்றொரு ஊர். அங்கே வெள்ளை ஒயின் முழுக்க சொவின்யோன் பிளாங்க் திராட்சையில் செய்வது. உலகம் முழுக்கத் தெரிந்த பேர், அதற்கேற்ற விலை. அதே ஆற்றோடு மேற்கே போனால் தூரேன் வட்டாரம். அங்கேயும் சொவின்யோன் பிளாங்க்தான்; மூக்கருகே கொண்டுபோனால் அதே எலுமிச்சைத் தோல், அப்போதுதான் வெட்டிய புல் வாசனை. சான்செரின் ஆழம் கொஞ்சம் குறையலாம், ஆனால் விலை நன்றாகவே இறங்கிவிடும். அதே ஆறு கடலில் கலக்கும் பக்கம் விளைவது மஸ்கடே. லேபிளில் 'சுர் லீ' என்று போட்டிருந்தால், நொதித்து முடிந்து அடியில் படிந்த ஈஸ்ட் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து நிரப்பியது என்று அர்த்தம். லேசான ரொட்டி மணமும் நாக்கில் ஒரு கனமும் அதனால்தான் வருகின்றன. மீனுக்கு இதைவிடப் பொருத்தமான மலிவு வெள்ளை எனக்குத் தெரிந்து இல்லை.

சிவப்பிலும் இதே கதை. இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் பரோலோ. நெபியோலோ திராட்சை, சட்டப்படி விற்பதற்கு முன் குறைந்தது 38 மாதம் பழக வைக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அத்தனை நாள் நிலவறையில் பணம் முடங்கிக் கிடக்கிறதே, அதை யார் தலையில் கட்டுவார்கள்? நம் தலையில்தான். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில், பல சமயம் அதே விவசாயிகள் செய்கிற லாங்கே நெபியோலோவுக்கு அந்தக் காத்திருப்பு கட்டாயமில்லை. பிரான்சின் தெற்கே பேர் பெற்ற ஷாத்தோநெஃப் து பாப் வாங்க, விலையைப் பார்த்து மனசு வராவிட்டால் கோத் து ரோன் வில்லாஜ் எடுங்கள். இரண்டிலும் முக்கியத் திராட்சை கிரனாஷ். அதையே ஸ்பெயினில் கார்னாச்சா என்பார்கள். கலத்தாயுத், காம்போ தே போர்ஹா வட்டாரங்களில் பழைய கொடிகளில் விளைந்த கார்னாச்சா, கொடுக்கிற காசுக்குத் தாராளமாகவே திருப்பித் தரும்.

மலிவில் எடுக்கக் கூடாதது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சை என்பேன். மெல்லிய தோல், சட்டென்று அழுகும், விளைச்சலும் குறைவு. அதை மலிவாகச் செய்தால் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வரும். வெயிலும் வறட்சியுமான இடத்தில் சுலபமாகப் பழுக்கும் திராட்சைதான் அடி விலையிலும் சோபிக்கும்: அர்ஜென்டினாவின் மெண்டோசா மால்பெக், தென் இத்தாலியின் பிரிமிடிவோ. லேசான சிவப்பு வேண்டும் என்றால் பிரான்சின் போஜொலே வில்லாஜ். வெள்ளையில் தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க், ஸ்பெயினின் ருவேதா வட்டாரத்து வெர்தேஹோ இரண்டும் என்னைப் பொறுத்தவரை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

ஆனால் விலைப்பட்டியலின் கடைசிப் படியில் உள்ளதை எடுக்காதீர்கள். கண்ணாடிப் பாட்டில், மூடி, லாரி வாடகை, வரி எல்லாம் மலிவு ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை போக உள்ளே இருக்கும் திராட்சைக்கு மிஞ்சுவது அடிவிலைப் பாட்டிலில் சில்லறைக் காசு. ஒரு படி ஏறினால் கூடுதலாகக் கொடுப்பதில் நல்ல பங்கு ஒயினுக்கே போகும். ரொம்ப மேலே போனால் மறுபடி பேருக்குத்தான் கொடுப்பீர்கள்.

லேபிள் படிக்கப் பழகுங்கள். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். தபால்தலை மாதிரி ஒரு முத்திரை ஒட்டியிருக்கும், நிறத்தில் விஷயம் இருக்கிறது. பச்சை என்றால் பழகும் காலத்துக்குக் கட்டுப்பாடு இல்லாதது. சிவப்பு என்றால் க்ரியான்சா: குறைந்தது இரண்டு வருஷம், அதில் ஒரு வருஷம் ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்பு ரெசெர்வா, மூன்று வருஷம். நீலம் கிரான் ரெசெர்வா, ஐந்து வருஷம். நமக்கு வேலை சிவப்பு முத்திரையோடு. யாரோ ஒருவர் இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து இந்த விலைக்குத் தருவதே பெரிய விஷயம். அதற்காக 'ரிசர்வ்' என்று எழுதியதையெல்லாம் நம்ப வேண்டாம். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அதற்குச் சட்டம் இருக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா பாட்டில்களில் பெரும்பாலும் அழகுக்குப் போட்டது.

வெள்ளையில் ஜெர்மனியின் ரீஸ்லிங் எடுத்தால் 'ட்ரோக்கன்' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இனிக்காது. அந்தச் சொல் இல்லாமல் ஆல்கஹால் 8, 9 சதவீதம் என்றிருந்தால் இனிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறாமல் மிச்சம் நிற்கிறது, அவ்வளவுதான். புதிதாகக் குடிக்கிறவர்களுக்கும் காரமான சாப்பாட்டுக்கும் அதுதான் முதலில் பிடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லேபிளில் போட்டிருக்கும் அறுவடை வருஷத்தையும் பாருங்கள். மலிவு வெள்ளை பழகப் பழக நன்றாகும் வகையல்ல, ஓரிரு வருஷத்துக்குள் குடிக்க வேண்டியது. அலமாரியில் நாலு வருஷம் தூசி படிந்து நிற்பதைத் தள்ளுபடி போட்டாலும் தொடாதீர்கள்.

கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, தங்க நிறப் பதக்க ஸ்டிக்கர் எதுவும் ருசியைச் சொல்லாது. பதக்கம் கொடுப்பதற்கென்றே ஏகப்பட்ட போட்டிகள் நடக்கின்றன. 'பாதி விலை' அட்டையும் அப்படியே. பாதியாக்குவதற்காகவே முழு விலையை ஏற்றி வைத்திருப்பதும் உண்டு. திருகு மூடியைப் பார்த்து மட்டமானது என்று நினைக்காதீர்கள். தக்கையில் உருவாகும் ஒரு வேதிப்பொருளால் சில பாட்டில்களில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும், திருகு மூடியில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. நியூசிலாந்துக்காரர்கள் விலை உயர்ந்ததற்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

விருந்துக்குப் போகும்போது சமையல் என்னவென்று தெரியாவிட்டால் ஒரு கோத் து ரோன் சிவப்பு அல்லது ஒரு தூரேன் வெள்ளை. இரண்டில் எதைக் கொண்டுபோனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதை அன்றைக்கே திறக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், கூப்பிட்டவர் அன்றைய சாப்பாட்டுக்குப் பொருத்தமாக வேறு எடுத்து வைத்திருப்பார்.

அப்புறம், எவ்வளவு நல்லதை வாங்கினாலும் சூட்டில் கெடுத்துவிடலாம். சிவப்பை அறை வெப்பத்தில் ஊற்ற வேண்டும் என்ற பேச்சு, ஹீட்டர் வராத காலத்துக் குளிர்ந்த வீடுகளுக்குச் சரி. இப்போதைய வீட்டில் ஒரு கால் மணி, இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள், ஆல்கஹால் நெடி அடங்கிப் பழவாசனை மேலே வரும். வெள்ளைக்கு நேர் எதிர்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள், ரொம்பச் சில்லென்றிருந்தால் எதுவுமே தெரியாது. மிச்சமானால் சிவப்போ வெள்ளையோ மூடி ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் சமையலுக்கு.