மார்வின் கேயின் 'ஹியர், மை டியர்': கேள்வி பதில்

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கே பாடி, 1978 டிசம்பரில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு இது; இரண்டு தட்டு, நான்கு பக்கம். அன்று விற்பனையில் படுத்துவிட்டது. சோல் பாட்டு (கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சி ததும்பும் பாட்டு) கேட்பவர்கள் இதைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், ஜீவனாம்சம் கட்டுவதற்காகவே போட்ட ஆல்பம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். மார்வினின் மனைவி அன்னா, மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டியின் அக்கா. மார்வினைவிட 17 வயது மூத்தவர். 1963இல் கல்யாணம், 1975இல் அன்னா விவாகரத்து வழக்குப் போட்டார். மார்வினிடம் ரொக்கம் இல்லை. அவருடைய வக்கீல் கர்ட்டிஸ் ஷா ஒரு வழி சொன்னார்: அடுத்த ஆல்பத்துக்கு வரும் முன்பணம் 3,05,000 டாலரும், அதற்குமேல் அந்த ஆல்பம் சம்பாதிப்பதில் 2,95,000 டாலரும் அன்னாவுக்கு. ஆக மொத்தம் 6 லட்சம் டாலர்.

கேள்வி: பணம் அன்னாவுக்குத்தான் என்றால் ஏனோதானோவென்று பாடியிருப்பாரே?

முதலில் அவர் நினைத்ததும் அதுதான். சுமாராக ஏதோ ஒன்றைப் பாடிக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்று. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த சொந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும், சொல்ல வேண்டியது மனதில் எவ்வளவு கிடக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கோபம், பழைய ஆசை, வழக்குச் செலவு எல்லாம் பாட்டாயின. 'இஸ் தட் இனஃப்' பாட்டில் நீதிபதி சொன்னதைக்கூட விடவில்லை. பழகிய வசதியோடுதான் அவள் வாழ வேண்டுமாம் என்று பொருமுகிறார்.

கேள்வி: அப்புறம் ஏன் ஓடவில்லை?

எனக்குத் தெரிந்த பெரிய காரணம், ஜனங்கள் அவரிடம் எதிர்பார்த்தது வேறு. 1977இல் அவருடைய நடனப் பாட்டு 'காட் டு கிவ் இட் அப்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. எங்கும் டிஸ்கோ. அந்த நேரத்தில் ஒருவர் நான்கு பக்கம் நிறையத் தன் குடும்ப வழக்கைப் பாடினால் ரேடியோக்காரர் எதைப் போடுவார்? சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்த 'எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்' ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. அது கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 23ஆம் இடத்தோடு நின்றது. ஆல்பம் ஆர் அண்ட் பி பட்டியலில் 4, பாப் பட்டியலில் 26. வேறு யாருக்காவது இது மோசமில்லை; மார்வின் கேக்கு இது சறுக்கல்.

கேள்வி: அட்டைப்படம் பற்றிச் சொல்லுங்களேன்.

முன்னால் ரோமானியர் உடையில் மார்வின். உள்ளே பிரித்தால் மோனோபொலி போன்ற ஒரு விளையாட்டுப் பலகை. அதன்மேல் ஓர் ஆணின் கை ஒரு பெண்ணின் கைக்கு இசைத்தட்டை நீட்டுகிறது. தலைப்புக்கு அர்த்தம் அதிலேயே இருக்கிறது: இந்தா, வாங்கிக்கொள்.

கேள்வி: அன்னா சும்மா இருந்தாரா?

அந்தரங்கத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவந்ததற்காக வழக்குப் போட யோசித்தார். போடவில்லை.

கேள்வி: இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் பாட அன்று அதிகம் பேர் இல்லை. பின்னால் வந்த பாடகர்கள் அந்த வழியில் நடந்த பிறகுதான் இதன் அருமை புரிந்தது. 1994இல் மறுபடி வெளியிட்டார்கள். 2003இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலிலும் வந்தது. மார்வின் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1984 ஏப்ரல் 1 அன்று அப்பாவின் துப்பாக்கிக்குப் பலியாகிவிட்டார்.

கேள்வி: அண்ணா, எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்? ஒன்றிரண்டு போதும்.

ஒன்றிரண்டோடு நிறுத்தாதீர்கள், தம்பி. 'வென் டிட் யூ ஸ்டாப் லவிங் மீ, வென் டிட் ஐ ஸ்டாப் லவிங் யூ' ஆறு நிமிடப் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. இரவில் தூக்கம் வராதவர் புலம்புவதுபோல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பின்னணியில் அடுக்கடுக்காக வரும் குரல்களும் அவருடையவைதான். ஒரு குரல் குற்றம் சாட்டும், இன்னொன்று கெஞ்சும். இதே பாட்டு மூன்றாம் பக்கத்தில் வெறும் வாத்திய இசையாக வரும். நான்காம் பக்கத்தில் 'ஃபாலிங் இன் லவ் அகெய்ன்' என்று புதுக் காதலைப் பாடுகிறார். சரி, ஆறிவிட்டது என்று நினைக்கும்போது பழைய கேள்வியே மறுபடி வந்து ஆல்பத்தை முடிக்கும். ஷஃபிளில் (வரிசையைக் கலைத்து) போட்டால் இந்த வரிசை கிடைக்காது.